இரண்டு பாடத்தொகுப்புகள்

காப்பிரைட் பற்றி நம் கல்லூரிகளில் மாணவனுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரு பயமுறுத்தல். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையை உரக்கப் படித்துக் காட்டுவதற்கு மேல் அது போவதில்லை. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு, ஆய்வேடுகளில் எழுத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்த பிறகு, இந்தப் பயத்துக்கு ஒரு சதவீதக் கணக்கும் கிடைத்துவிட்டது. பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. நாற்பது வரை ஒரு படி, அறுபது வரை ஒரு படி, அதற்கும் மேல் இன்னொன்று. கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லிவிடுகிறது. இதில் நடந்திருக்கும் குழப்பம் சாதாரணமானதல்ல. திருட்டு என்பது அடுத்தவன் எழுத்தைத் தன் பெயரில் போட்டுக்கொள்வது. காப்பிரைட் மீறல் என்பது, அடுத்தவன் பெயரை ஒழுங்காகப் போட்ட பிறகும், அவன் அனுமதியில்லாமல் பிரதி எடுப்பது. முன்னது தர்மம் சம்பந்தப்பட்டது, பின்னது சொத்து சம்பந்தப்பட்டது. கம்பனைத் தன் பெயரில் அச்சிட்டுக்கொள்பவன் திருடன். ஆனால் அவன் எந்தக் காப்பிரைட்டையும் மீறவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை வகுப்பில் சொல்லிவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. சொல்வதில்லை.

இன்னொன்றும் சொல்வதில்லை. சட்டத்துக்குள்ளேயே மாணவனுக்கென்று ஓர் இடம் இருக்கிறது. 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தின் 52-வது பிரிவு மிக நீளமானது. எவையெல்லாம் மீறல் ஆகாது என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும், விமர்சனத்துக்கும் மதிப்புரைக்கும் ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வது மீறல் ஆகாது. (ஒரு கவிதையை எடுத்துப் போட்டு வரிவரியாகப் பிய்த்து எழுதும் நம் விமர்சகர்கள் நிற்பது இந்தத் தரையில்தான். எவ்வளவு எடுத்தால் நியாயம் என்பதற்குச் சட்டம் கணக்கு எதுவும் தரவில்லை என்பதை அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.) ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் பிரதி செய்வது மீறல் ஆகாது. கேள்வித்தாளிலும் விடைத்தாளிலும் வருவது மீறல் ஆகாது. பாடத்துக்கான தொகைநூலில் சிறுபகுதிகளைச் சேர்க்கலாம். ஆனால் ஒரே பதிப்பாளர் ஐந்து வருஷத்துக்குள் ஒரே ஆசிரியரிடமிருந்து இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று ஒரு விசித்திரமான எண்ணிக்கையும் உண்டு.

ஆரணி மாதிரி ஊரில் இந்தப் பாடத்தை நடத்துவதில் ஒரு விசேஷச் சிக்கல் இருக்கிறது. கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்த ஊரை, 1751-ல் கிளைவ் சண்டையிட்ட இடம், 1782-ல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதிய இடம் என்றுதான் சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். தறிச் சத்தம் அந்தப் புத்தகங்களுக்குள் நுழைந்ததில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பையன்களில், பெண்களில், கணிசமானவர்கள் தறி இருக்கிற வீட்டிலிருந்து வருகிறவர்கள். கோர்வைச் சேலையில் பேட்டுக்குத் தனி நாடா ஓட்டப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நெடுங்காலம் வீட்டுக் குழந்தையாகத்தான் இருந்திருக்கிறது. இதைக் கல்வி என்று மெச்சிக்கொள்வதற்கு முன்னால் இது கூலியில்லாத குழந்தை உழைப்பும்கூட என்பதைச் சொல்லிவிட வேண்டும். எப்படியானாலும், தொழில் கைக்கு வருவது பார்த்துச் செய்வதில்தான். ருத்ராட்சம், மயில்கண், அன்னபட்சி, தாழம்பூ ரேக்கு ஆகிய இவற்றுக்கெல்லாம் ஆசிரியன் யார் என்று யாரும் கேட்டதில்லை. வேறு ஊர்ச் சேலை ஒன்றை மேஜைமேல் விரித்து, லென்ஸ் வைத்து நூல் எண்ணி, கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக ஏற்றி, அதிலிருந்து ஜாக்கார்டு அட்டையில் துளை போட்டுக் கொடுக்கிற ஒருவரின் மகனிடம், புத்தகத்தைப் பார்த்து நோட்டில் எழுதுவது திருட்டு என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்?

ஏடு எழுதி வாழ்ந்த சமூகத்துக்கும் இது புதிதல்ல. பனையோலை நிரந்தரமில்லை, பிரதி செய்யப்படாத ஓலை செல்லரித்துப் போகும். பிரதி செய்தவன் நூலைக் காப்பாற்றினான். தொல்காப்பிய மரபியல் வழிநூல் என்று ஒரு வகையையே ஒப்புக்கொண்டு, சுருக்குவதையும் விரிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் அதில் அடக்குகிறது. இதை வைத்து அக்காலத்தில் எல்லாம் பொதுவுடைமை என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. யாருக்கு ஏட்டைத் தொட உரிமை இருந்தது என்ற கேள்வியை அவர்கள் கேட்டுக்கொள்வதில்லை. ஆகவே அந்தப் பழம்பெருமையை இங்கே விட்டுவிடுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது இரண்டு பாடத்தொகுப்புகளைப் பற்றி.

முதலாவது 1866-ல் லண்டனில் தயாரானது. அதற்குச் சற்று முன்கதை வேண்டும். இந்தியாவிலிருந்து போன அச்சடித்த பருத்தித் துணிகள் இங்கிலாந்தில் அமோகமாக விற்றதைப் பொறுக்காமல், 1721-ல் அவற்றை உடுத்துவதையே பார்லிமெண்ட் தடை செய்தது. தடைக்குள் ஒதுங்கி அந்த நாட்டு அச்சுத் தொழில் வளர்ந்தது. எதைப் பார்த்து வளர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. வளர்ந்து முடிந்ததும், 1787-ல், லினன், பருத்தி, கேலிக்கோ, மஸ்லின் துணிகளில் புதிதாக அச்சிடும் சித்திரங்களுக்கு உரிமை கொடுத்து ஒரு சட்டம் வந்தது. உரிமைக்காலம் இரண்டு மாதம். 1794-ல் அது மூன்று மாதமாயிற்று. கேலிக்கோ என்ற பெயரில் கோழிக்கோடு இருக்கிறது. சட்டத்தின் தலைப்பிலேயே நம் ஊர் ஒன்று உட்கார்ந்திருக்க, உரிமை மட்டும் அந்த நாட்டுச் சித்திரக்காரனுக்கு. அதே 1787-ல் பிரான்சிலும் பட்டுத் துணிச் சித்திரங்களுக்குப் பாதுகாப்புத் தந்து ராஜாங்க உத்தரவு ஒன்று வந்தது. லியோன் நகரத்துப் பட்டு முதலாளிகளின் காரியம் அது. ஜாக்கார்டின் தறி அதே லியோனில் 1804-ல் வந்தது. அதன்பின் சித்திரம் என்பது நெய்பவனின் கையிலிருந்து துளை போட்ட அட்டைக்குப் போய்விட்டது. ஒரு ஊடைக்கு ஓர் அட்டை. அட்டைகளைக் கோத்த சங்கிலி எவனிடம் இருக்கிறதோ அவனிடம் சித்திரம் இருக்கிறது. 1839-ல் ஜாக்கார்டின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். 1880-களில் லியோனில் ஒரு ஜெபப் புத்தகத்தை, அச்சிடாமல், எழுத்து எழுத்தாகப் பட்டில் நெய்து வெளியிட்டார்கள். நெசவும் நூலும் ஒன்று என்று கவிஞர்கள் சிலேடை பண்ணுவது உண்டு. அங்கே அது ஸ்தூலமாகவே நடந்தது.

இனி 1866. லண்டனில் இந்தியா மியூசியத்தில் இந்தியப் பொருள்களுக்கு அதிகாரியாக இருந்தவர் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன். மியூசியத்தில் சேர்ந்திருந்த இந்தியத் துணிகளைக் கத்தரித்து, 700 மாதிரிகளாக 18 பாகங்களில் ஒட்டித் தொகுத்தார். இப்படி இருபது தொகுதிகள். பதின்மூன்று பிரிட்டனில் விநியோகமாயின, ஏழு இந்தியாவுக்கு. ஒவ்வொரு துண்டின் கீழும் நீளம், அகலம், எடை, வாங்கிய இடம் முதலிய விவரங்கள். சென்னை மாகாணத்துத் துணிகளும் அதில் உண்டு. ஆரணி அந்த நாளில் பட்டுக்கு அல்ல, மெல்லிய மஸ்லினுக்குப் பேர்போன ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் ஆரணி மஸ்லின் என்பது ஒரு தனிப் பெயர். நோக்கத்தை வாட்சன் மறைக்கவில்லை. இந்தியர்கள் எதை உடுத்துகிறார்கள், எந்தக் கரை, எந்த எடை, எந்த நிறம் என்று லங்காஷயர் ஆலைக்காரர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்துத் தெரிந்துகொண்டு, அதைப்போலச் செய்து இங்கே விற்க வேண்டும். தொகுதிகளை அவர் மியூசியங்களாகவே பாவித்தார். நான் பாடப்புத்தகம் என்கிறேன். கத்தரிக்கோலால் செய்த பாடப்புத்தகம். ஊர்ப் பெயர் இருந்தது. நெய்தவன் பெயர் இல்லை.

நம் நெசவு அழிந்தது இந்தப் புத்தகங்களால் என்று சொன்னால் அது சரித்திரமாகாது. அழிவு அதற்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிவிட்டது. ஆலை நூலின் மலிவும் சுங்க விதிகளும்தான் பெரிய காரணங்கள். ஆனால் மாணவன் பிரதி எடுக்கலாம் என்று வாதாடுகிற நம்மைப் போன்றவர்கள் இந்த 18 பாகங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். லங்காஷயரும் மாணவன்தான். அவனும் பார்த்துப் படித்தான். கற்பதற்காக எடுப்பது நியாயம் என்றால் வாட்சன் செய்ததில் என்ன தப்பு? இந்தக் கேள்வியைத் தாண்டிப்போகிற சமாதானம் எதுவும் உபயோகமில்லை.

அமெரிக்காவில் நியாயப் பிரயோகம் என்கிற கோட்பாடு பிறந்த கதையில் இதற்கு ஒரு சாவி இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்களை ஜாரெட் ஸ்பார்க்ஸ் பன்னிரண்டு பாகங்களில் பதிப்பித்திருந்தார். சார்லஸ் அப்ஹாம் என்பவர் பள்ளி நூலகங்களுக்கென்று வாஷிங்டனின் வாழ்க்கையை இரண்டு பாகங்களில் எழுதும்போது அதிலிருந்து 353 பக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டார். 1841-ல் நீதிபதி ஜோசப் ஸ்டோரி இதை மீறல் என்று தீர்த்தார். எடுத்ததன் நோக்கம் என்ன, எவ்வளவு எடுத்தது, எடுத்தது எவ்வளவு முக்கியமானது, அதனால் மூலநூலின் விற்பனை கெடுமா, மூலத்தின் இடத்தை இது பிடித்துக்கொள்ளுமா என்று அவர் கேட்ட கேள்விகள்தான் 1976-ம் வருஷத்து அமெரிக்கச் சட்டத்தில் நான்கு அளவுகோல்களாக வந்து உட்கார்ந்தன. மாணவனுக்குச் சாதகமாக உலகமெல்லாம் மேற்கோள் காட்டப்படும் கோட்பாடு, ஒரு பள்ளிப் புத்தகத்தைத் தோற்கடித்துத்தான் பிறந்தது. கல்வி என்று பெயர் சொன்னால் மட்டும் போதாது என்பது ஆரம்பத்திலேயே தீர்ந்த விஷயம்.

மூலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வது என்ற அந்தக் கடைசிக் கேள்வியை வாட்சனிடம் கேட்டுப் பார்க்கலாம். லங்காஷயர் பார்த்துச் செய்த துணி எங்கே விற்றது? அவன் ஊர்க் கடைத்தெருவில் அல்ல. மாதிரி வெட்டப்பட்ட துணி நெய்தவனின் கடைத்தெருவில். தறிக்காரனின் குழந்தை பார்த்துச் செய்து தறிக்காரன் ஆகிறது. மாணவன் பக்கத்தை நகலெடுத்துப் பரீட்சை எழுதுகிறான். அந்த நகலைக் கொண்டுபோய்ப் பதிப்பாளனுக்கு எதிரே கடை போடுவதில்லை.

இரண்டாவது தொகுப்பு டெல்லியில். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்துக்குள் ராமேஸ்வரி என்ற நகல் கடை. பேராசிரியர்கள் கொடுத்த பாடப் பட்டியலின்படி பல புத்தகங்களிலிருந்து வேண்டிய பக்கங்களை மட்டும் நகலெடுத்து, சேர்த்துக் கட்டி, மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. 2012-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்ஸிஸும் சேர்ந்து கடைமீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. நகலெடுக்கப்பட்ட நூல்களின் ஆசிரியர்கள் சிலர் உள்படப் பல அறிஞர்கள் வழக்கைக் கைவிடும்படி பதிப்பகங்களைக் கேட்டுக்கொண்டார்கள். தங்கள் பெயரால் தொடுக்கப்பட்ட வழக்கைத் தாங்களே வேண்டாம் என்றார்கள்.

2016 செப்டம்பர் 16-ல் நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். காப்பிரைட் கடவுள் கொடுத்ததோ இயற்கையாக வந்ததோ அல்ல, சமூகத்தின் அறிவு வளர்வதற்காகச் சட்டம் உண்டாக்கிய ஓர் ஏற்பாடு என்பது அவர் பார்வை. நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டது போய், நகல் எந்திரம் வந்து, கைப்பேசிக் கேமரா வந்திருக்கிறது. கையால் செய்தபோது குற்றமில்லாதது எந்திரம் செய்வதால் குற்றமாகிவிடுமா என்று கேட்டார். 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு சில விவரங்களை மட்டும் மறு விசாரணைக்கு அனுப்பி, அடிப்படையை ஏற்றுக்கொண்டது: பாடம் நடத்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு பிரதி எடுக்கலாம், அளவு பக்கக் கணக்கில் இல்லை, தேவையில் இருக்கிறது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கை விலக்கிக்கொண்டன. இந்தத் தீர்ப்பு நம் கல்லூரி அறிவிப்புப் பலகை எதிலாவது ஒட்டப்பட்டிருக்கிறதா? சதவீதக் கணக்கு மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது.

தமிழுக்கு இந்த விஷயத்தில் டெல்லிக்கு முந்திய அனுபவம் உண்டு. பாரதி 1921-ல் இறந்தார். அப்போதிருந்த சட்டப்படி ஐம்பது வருஷம், அதாவது 1971 முடியும் வரை, அவர் எழுத்து யாருடைய சொத்தாகவோ இருந்திருக்க வேண்டியது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை தனியே பிரிந்து, கைமாறி, ஏ.வி. மெய்யப்பனிடம் போயிற்று, 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றபோது தகராறு வெடித்தது. எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நாரண துரைக்கண்ணன் அதன் முன்னணியில் நின்றார். 1949-ல் சென்னை அரசாங்கம் உரிமையை வாங்கி, 1955-ல் அதை மக்களுக்கென்று விட்டுவிட்டது. ஒரு கவிஞனின் காப்பிரைட்டை அரசு வாங்கி அவிழ்த்துவிட்டதற்கு உலகத்தில் முன்னுதாரணம் தேடுவது கஷ்டம். பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து நாட்டுடைமையாயின. அதில் தேர்வு எப்படி நடந்தது என்பது வேறு கதை. பாரதி விஷயத்தில் இருந்த ஜீவன் பின்னால் சடங்காகிப் போனது என்பது என் அபிப்பிராயம். ஆனாலும், பாடப்புத்தகத்தில் பாரதியைப் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் இந்த விடுதலையின் மேல்தான் நிற்கிறான். பாட்டு இருக்கிற பாடத்தில் இந்தக் கதைக்கு இடமில்லை.

நம் சிறுபத்திரிகைகளின் விவகாரமும் இதில் உண்டு. ஐரோப்பியக் கவிதைகளை, லத்தீன் அமெரிக்கக் கதைகளை ஆங்கிலம் வழியாக மொழிபெயர்த்துப் போட்டபோது யாரிடம் யார் அனுமதி கேட்டார்கள்? 1914-ம் வருஷத்து இந்தியச் சட்டம், இங்கே முதலில் வெளியான நூல்களுக்கு மொழிபெயர்ப்பு உரிமையைப் பத்தே வருஷமாகக் குறைத்து வைத்திருந்தது. அதற்குள் மொழிபெயர்ப்பு வராவிட்டால் யாரும் செய்யலாம். 1957 சட்டம் அந்தச் சலுகையை எடுத்துவிட்டு, ஏழு வருஷத்துக்குப் பிறகு காப்பிரைட் போர்டிடம் விண்ணப்பித்து லைசன்ஸ் வாங்கலாம் என்றது. முந்நூறு பிரதி அச்சடிக்கிற பத்திரிகை போர்டுக்கு மனுப் போடுவதைக் கற்பனை செய்து பார்க்கலாம். அந்த மொழிபெயர்ப்புகள் எந்தச் சந்தையிலும் எவனுடைய இடத்தையும் பிடிக்கவில்லை. தமிழ் புதுக்கவிதை அவற்றைப் படித்துத்தான் நடக்கக் கற்றது. இருந்தாலும் மூலக் கவியின் பெயரையும், எந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தது என்பதையும் போடாமல் விட்ட இடங்களுக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது. அது முதலில் சொன்ன மற்ற விஷயம், தர்மம் சம்பந்தப்பட்டது.

ஆரணிக்குத் திரும்பினால், மாணவனுக்கு இவ்வளவு இடம் தந்த சட்டம் அவன் அப்பாவுக்கு என்ன தருகிறது? சேலைச் சித்திரம் கலைப்படைப்புதான். ஆனால் பதிவு செய்யக்கூடிய சித்திரத்தைப் பதிவு செய்யாமல், தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் பிரதி செய்தால் அதன் காப்பிரைட் போய்விடும் என்கிறது 15-வது பிரிவு. (கைத்தறி தொழில்முறை ஆகுமா என்பது வக்கீல்களுக்கு நல்ல தீனி.) 2000-ம் வருஷத்து டிஸைன்கள் சட்டத்தில் பதிவு செய்தால் பத்து வருஷம், நீட்டித்தால் இன்னும் ஐந்து. ஆனால் சித்திரம் புதிதாக இருக்க வேண்டும். மயில்கண்ணும் ருத்ராட்சமும் புதிதல்ல. பவர்லூம் கைத்தறிச் சேலையைப் பார்த்து அடிப்பதைத் தடுக்க ஓரளவு பற்களுள்ளது 1985-ம் வருஷத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம்தான். உச்சநீதிமன்றம் 1993-ல் அதை உறுதி செய்தது, 22 ரகங்களாக இருந்த ஒதுக்கீடு பிறகு 11 ஆகக் குறைந்தது. அந்தச் சட்டம் சித்திரம் யாருடையது என்று கேட்பதே இல்லை. துணி எப்படி நெய்யப்பட்டது என்பதை மட்டும் கேட்கிறது.

அடுத்தது புவிசார் குறியீடு. 1999-ல் சட்டம், 2003-ல் அமல், பதிவகம் சென்னையிலேயே. ஆரணிப் பட்டும் பதிவு பெற்றிருக்கிறது, காஞ்சிபுரம் பட்டும் பதிவு பெற்றிருக்கிறது. ஆரணியில் நெய்த சேலை காஞ்சிபுரம் என்ற பெயரில் கடையேறுவது ஊரறிந்த கதை. பெயரைப் பாதுகாக்கிற சட்டம் வந்த பிறகு அந்தக் கதை கொஞ்சம் சங்கடமானதாகியிருக்கிறது. இந்தச் சட்டம் காப்பது ஊரின் பெயரை, சித்திரத்தை அல்ல. ஆனால் வாட்சனின் 18 பாகங்களில் இல்லாத ஒன்று இதில் உண்டு. பதிவேட்டின் இரண்டாம் பகுதியில், அந்தப் பெயரைப் பயன்படுத்த அங்கீகாரம் பெற்றவர்களைப் பெயர் பெயராக எழுதுகிறார்கள். உற்பத்தியாளர் எவரும் மனுச் செய்து தன் பெயரை அதில் ஏற்றிக்கொள்ளலாம். பாவும் ஊடையும் ஜரிகையும் அட்டையும் முதலாளி கொடுக்க, கூலிக்கு நெய்கிறவனும் செய்யலாமா என்றால், கைவினைப் பொருளைச் செய்பவன் உற்பத்தியாளன் என்று சட்டம் சொல்வதால் செய்யலாம். அதே வரையறையில், அந்தச் சரக்கில் வியாபாரம் செய்கிறவனும் உற்பத்தியாளன்தான் என்று அடுத்த வரி சொல்கிறது.